பல்செட் மாஸ்டரும் துரையின் வாயும்

மாஸ்டர் தன் வாழ்நாளில் சுமார் ஒன்பதாயிரம் பேருக்குப் பல் கட்டியிருக்கிறார். அவர்களில் ஒரே ஒருவரைத் தவிர வேறு யாரையும் அவர் பார்த்ததில்லை.

பல் மருத்துவமனையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் மூன்று மேஜைகள். முன்பக்கத்தில் டாக்டர்கள் வாயில் பசை வைத்து அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதற்குள் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் தாடையாக உருவி எடுப்பார். மெழுகில் ஈறு கட்டுவார். பல்லை ஒவ்வொன்றாக நடுவார். தாடையின் அடியில் பென்சிலால் ஒரு எண் இருக்கும், பெயர் இருக்காது. செட் முன்பக்கம் போய்விட்டால் அதற்குப் பிறகு அது சிரித்ததா, கடித்ததா என்று இவருக்குத் தெரியாது. வேலையை விட்டு வரும்வரை முப்பத்து நான்கு வருஷம் இப்படி. நன்றி சொல்லிக் கொண்டுவரும் இனிப்புப் பெட்டிகள் முன்பக்கத்தோடு நின்றுவிடும்.

"நானும் டாக்டர்தான்யா. வாசல்ல போர்டு மாட்டலை, அவ்வளவுதான்" என்பார். சிரித்துக்கொண்டு சொல்வதாக அவருக்கு நினைப்பு.

நான் அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைக் கல் சுவர். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே நான் குனிவேன். அதனால் அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் விதம், குடிவந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துபோனது.

"துரை, உங்கப்பாகிட்ட சொல்லு, டீ ஆறுது."

"துரை, உங்கம்மாகிட்ட சொல்லு, சக்கரை பத்தலை."

"துரை, அவருக்கு டாக்டர் சக்கரையை நிறுத்தச் சொல்லி மூணு மாசம் ஆச்சுன்னு சொல்லு."

"துரை, உங்கம்மாவுக்கு டாக்டர்னா தெய்வம்னு எனக்குத் தெரியும்னு சொல்லு."

துரை என்பது செம்பட்டை நிறப் பூனை. வயது பதினொன்று. உடம்பு தலையணை மாதிரி இருக்கும், முகத்தில் எப்போதும் ஒரு சலிப்பு. இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்த பச்சை மெத்தையில் உட்கார்ந்து, அது ஒரு வார்த்தையையும் எங்கும் கொண்டுபோகாமல் தூங்கும். வார்த்தைகள் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடும். கீழ்வீட்டுத் தையற்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அந்தப் பூனை ஒரு நாள் லீவு போட்டுச்சுன்னா அந்தக் குடும்பமே நின்னுடும் தம்பி." நானும் சிரித்தேன்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் ஒரு பல்செட். அதை அத்தையே என்னிடம் சொன்னார். மாஸ்டரின் மனைவியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அத்தைக்கு நான்கு பற்கள் ஆடின. மற்றதெல்லாம் கல்லு மாதிரி. மாஸ்டர் முன்பக்கத்து டாக்டரிடம் போய், "நாலை எடுத்து நாலை ஒட்டுப்போடுறதெல்லாம் அசிங்கம். மொத்தத்தையும் எடுத்துடுங்க, நான் முழு செட் போட்டுடறேன்" என்றார். மாஸ்டர் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டிப் பழகியவர் அந்த டாக்டர். எடுத்துவிட்டார். மாஸ்டர் நாற்பது நாள் உட்கார்ந்து அந்த செட்டைச் செய்தார். ஒவ்வொரு பல்லுக்கும் நிறம் பார்த்து, முன்பல் ஒன்றை இயற்கையாக இருக்கட்டும் என்று இம்மியளவு சாய்த்து. முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் முகம் தெரிந்து செய்த ஒரே செட் அதுதான்.

கீழ் செட் அத்தையின் ஈறை அறுத்தது.

"வலிக்குதுங்க" என்றார் அத்தை. மாஸ்டர் உள்ளே போய் அச்சுத் தாடையை எடுத்துவந்து, அதன் மேல் செட்டை வைத்துக் காட்டினார். முடி நுழைய இடமில்லை. "பாரு. எங்க இடிக்குது? காட்டு. அச்சு பொய் சொல்லாது."

"அச்சுக்கு வலிக்காதுங்க" என்றார் அத்தை.

அதோடு அவர் மாஸ்டரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். செட்டைக் கழற்றி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். கல்யாணங்களுக்கு மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்வார், சாப்பிடுவதற்கு முன் கழற்றிவிடுவார். அந்த மாதம்தான் வேலையிடத்து மாவுப் பெட்டிக்குள் ஒரு குட்டி கிடந்தது என்று மாஸ்டர் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். சமாதானத்துக்குக் கொண்டுவந்தாரோ என்னவோ. பூனை வந்தது, சமாதானம் வரவில்லை. ஆனால் பேச ஓர் ஆள் கிடைத்தது.

இந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் துரையின் வாய் நாறத் தொடங்கியது. மீனை வாயில் வைத்துக் கீழே போட்டது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு எச்சில் வடித்தது.

"துரை, உங்கப்பாகிட்ட சொல்லு, உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு."

"துரை, பல்லு விஷயத்துக்கு நம்ம வீட்டுக்கு டாக்டர் எதுக்குன்னு கேளு."

மேல்தட்டு டம்ளருக்குத் தண்ணீர் மாற்றும் சத்தம் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அடுத்த நாள் திங்கட்கிழமை. கூடையை நான் தூக்கிக்கொண்டேன். மூன்று பேரும் போனோம்.

விலங்கு மருத்துவமனையின் டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. துரையின் உதட்டை ஒரு விரலால் மேலே தூக்கினார். ஈறு ரத்தச் சிவப்பு. பின்பல் ஒன்றின் மேல் பழுப்பாகக் காரை கட்டியிருந்தது.

"இந்தப் பல்லு போயிடுச்சு சார். வெள்ளிக்கிழமை மயக்க மருந்து குடுத்து சுத்தம் பண்ணிட்டு இதை எடுத்துடலாம்."

"எடுக்கறதா? காரையைச் சுரண்டினா நிக்கும். நான் முப்பத்தி நாலு வருஷமா இதே தொழில்ல இருக்கேம்மா."

"நீங்க டாக்டரா சார்?"

அந்தக் கேள்வியில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். மாஸ்டர் "பல்செட் செய்யறவன்" என்றார்.

"ஓ. அது மனுஷங்க பல்லு சார். இது வேற" என்று சொல்லி டாக்டரம்மா துரையின் அடுத்த பக்கத்து உதட்டைத் தூக்கினார்.

மாஸ்டர் வெளியே போய்விட்டார். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அவருடைய முதுகு தெரிந்தது.

டாக்டரம்மா அத்தைக்கு ஒரு சின்ன ட்யூபைக் கொடுத்து விரலில் மெல்லிய துணியைச் சுற்றிக் காட்டினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த ஜெல், பட்டாணி அளவு. உதட்டைத் தூக்கி ஈறு மேல பட்டும் படாம தடவுனா போதும். அழுத்தித் தேய்க்காதீங்க, வலி இருக்கு. முக்கியமான விஷயம்மா, பூனைக்குத் துப்பத் தெரியாது. வாயில வெச்சது எல்லாம் வயித்துக்குத்தான் போகும். அதனால நம்ம பேஸ்ட் வேணாம். நாய்க்குன்னு விக்கிறதும் வேணாம். ட்யூப்ல பூனைக்குன்னு எழுதியிருக்கணும், படம் போட்டிருந்தா மட்டும் போதாது. எண்ணெய் எதுவும் கூடவே கூடாது. நாம பல்வலிக்கு வைக்கிற கிராம்பு எண்ணெய் இதோட கல்லீரலுக்கு ஆகாது. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்மா" என்றார் அத்தை.

வண்டியில் திரும்பும்போது மாஸ்டர் முன்சீட்டில் இருந்தார். அத்தையும் நானும் கூடையும் பின்னால். அத்தை கூடையைப் பார்த்துக் குனிந்து, "துரை, உங்கப்பாகிட்ட சொல்லு, ஜெல் மட்டும்தான் போடணுமாம்..." என்று தொடங்கினார். கூடைக்குள் துரை ஊரையே கூட்டுவது போலக் கத்தியது. அத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். அது மறுபடி கத்தியது. "அவருக்கு அவ்வளவு போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே பார்த்தார். மிச்சம் சொல்லப்படவில்லை. எண்ணெயைப் பற்றி எனக்கும் தெரியும். வேறொருவர் குடும்பத்து வார்த்தையை நான் எடுத்துக் கொடுப்பதா என்று கூச்சம். சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் அத்தை ஜெல் தடவினார். துரை அதற்கு முகத்தைச் சுளித்தாலும் நக்கிக்கொண்டது. மாஸ்டர் ட்யூபை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். மோந்து பார்த்தார்.

"துரை, உங்கம்மாகிட்ட சொல்லு, இதுல கோழிக்கறி வாசனையைத் தவிர ஒண்ணும் இல்ல. வலிக்கு இதுல என்ன இருக்கு? ஒரு மண்ணும் இல்ல."

அதில் ஓர் உண்மை இருந்தது. துரைக்கு வலித்தது. படுக்கும், எழுந்திருக்கும், தாடையை மெத்தையில் தேய்க்கும். புதன்கிழமை மத்தியானம் அத்தை தன் தங்கை வீட்டுக்குப் போனார். வீட்டில் மாஸ்டரும் துரையும் மட்டும்.

அவர் வேலையை விட்டு வரும்போது கொண்டுவந்த சாமான்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. மெழுகுக் கத்திகள், பல் நிறம் பார்க்கும் அட்டை, கிராம்பு எண்ணெய் ஒரு பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். அந்த எண்ணெய் கலந்த பசையிலேயே அவர் கை முப்பத்து நான்கு வருஷம் ஊறியிருந்தது. தனக்குப் பல்வலி வந்தால் அதில்தான் பஞ்சை நனைத்து வைப்பார். ஐந்து நிமிஷத்தில் மரத்துப் போகும்.

பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். காரையை மெழுகுக் கத்தியால் சுரண்டினார். தன் பேஸ்ட்டைப் போட்டுத் தேய்த்தார். ஈறில் எண்ணெயைத் தடவினார். வேலை என்று வந்தால் அவர் கை நடுங்காது, ரொம்பச் சுத்தமாகச் செய்திருப்பார். கதவு திறந்திருந்ததால் வாசனை மாடிப்படிவரை வந்தது. எனக்கு அந்த வாசனை தெரிந்தது. அவருக்கே பல்வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் கதவைச் சாத்தினேன்.

மரத்துப் போனதாலோ களைப்பாலோ துரை தூங்கியது. அது தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. அத்தை திரும்பி வந்தபோது மாஸ்டரின் குரலில் பல வருஷமாக நான் கேட்காத ஒன்று இருந்தது.

"துரை, உங்கம்மாகிட்ட சொல்லு, மோந்து பாக்கச் சொல்லு. நாத்தம் இருக்கான்னு கேளு."

மெத்தைப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. பிறகு அத்தை: "அட. நாத்தமே இல்ல, உங்கப்பா கை வாசனைதான் வருது." இன்னும் கொஞ்சம் கழித்து: "துரை, உங்கப்பாகிட்ட சொல்லு... தூங்குறியே, அவர் ஜெல் போட்டுவிட்டது நல்லாயிருக்குன்னு சொல்லு."

பதினொரு வருஷத்தில் அந்த வீட்டில் அவருடைய வேலையைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது. அதற்குப் பிறகு அவரை யார் நிறுத்த முடியும்? தகரப் பெட்டி திறக்கும் சத்தத்தைப் பிற்பாடு நினைவில் கோத்துப் பார்த்ததில், சாயங்காலம் அத்தை குளிக்கப் போனபோது ஒருமுறை தடவியிருக்கிறார். வியாழன் காலையில் ஒருமுறை. அத்தை மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது ஒருமுறை.

வியாழன் மாலை துரை மெத்தையிலிருந்து இறங்கி, பின்னங்கால்கள் தனக்குச் சொந்தமில்லாதவை போல இழுத்துக்கொண்டு நடந்து, சுவரில் மோதி விழுந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறு போலத் தொங்கியது. வாந்தி எடுத்தது. நான் கூடையோடு ஓடினேன்.

"வாயில ஏதாவது போட்டீங்களா சார்?" டாக்டரம்மா மாஸ்டரை நேராகப் பார்த்துத்தான் கேட்டார்.

"நீங்க குடுத்த ஜெல்தான்."

"வேற?"

"வேற என்ன போடுவாங்க?"

டாக்டரம்மா ட்யூபை வாங்கித் தேதியைப் பார்த்தார், கம்பெனிக்குப் போன் செய்து கேட்டார், ரத்தம் எடுத்தார். "என் ஜெல்லாலயான்னு தெரியலை, மன்னிச்சுக்குங்க" என்று அத்தையிடம் இரண்டு தடவை சொன்னார். மாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். சுவரில் ஒட்டியிருந்த பூனைப் பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை அத்தை குப்பைக் கூடையைக் கொட்டப் போனார். பழைய செய்தித்தாளில் சுற்றிய, கிராம்பு வாசனை அடிக்கும் பஞ்சு கிடைத்தது. தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சுவருக்கு அப்பால் நான் அதுவரை கேட்டிராத ஒரு பேச்சு.

"எண்ணெய் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா."

மாஸ்டருக்குத் தன்னிடம்தான் பேசுகிறார் என்று புரிய நேரம் பிடித்திருக்க வேண்டும்.

"என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார்.

அது நிஜம். யாரும் சொல்லவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவனும் சொல்லவில்லை.

"எத்தனை தடவை போட்டீங்க?"

"ஒரே ஒரு தடவை."

அத்தை பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, செருப்பைக்கூடக் கால் மாற்றிப் போட்டபடி படியிறங்கினார். நானும் போனேன். டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "எத்தனை தடவைம்மா?"

"ஒரு தடவைதான்."

"நேத்தே சொல்லியிருந்தா வாயைக் கழுவி விட்டிருக்கலாம். பரவால்ல. ஒரு தடவைன்னா தாங்கும். பெருசா பயப்பட வேணாம்."

திரும்பி வரும்போது அத்தை தங்கை வீட்டுக்குப் போன் செய்து, "ஒரு தடவைதானாம், பொழைச்சுக்குமாம்" என்றார். கடையில் நிறுத்தி மென்மையான மீன் வாங்கினார், எலும்பு இல்லாததாக.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் துரை செத்தது. டாக்டரம்மா போனில் சொன்னதை அத்தை எனக்கு அப்படியே சொன்னார்: "ஒரு தடவைக்கு இப்படி ஆகாதேம்மா, எனக்கே புரியலைன்னு சொன்னா. அழுதுச்சு அந்தப் பொண்ணு."

ஆஸ்பத்திரியிலிருந்து துரையை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் ஓரம் தையற்காரர் குழி வெட்டினார். அவர் அன்றைக்கு ஒரு வேடிக்கையும் பேசவில்லை. மாஸ்டர் கீழே வரவில்லை. ஜன்னலில் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு அத்தை அவரிடம் நேராகத்தான் பேசினார். "சாப்பாடு." "கதவைச் சாத்துங்க." "மாத்திரை." பதினொரு வருஷமாக மாஸ்டர் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது இதுவாக இருந்திருக்கலாம். இப்போது அது வந்தபோது, ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். அதற்குள் டீ ஆறுகிற கவலை இல்லை, சக்கரை பற்றிய நையாண்டி இல்லை. ஒரு பூனையிடம் சொல்லும்போது எவ்வளவு அன்பு அதில் கலந்துவிடுகிறது என்று அந்தச் சுவர் ஓரத்தில் உட்கார்ந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பச்சை மெத்தையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. மாஸ்டரின் குரல் கேட்டது, மெதுவாக.

"துரை."

பாத்திரச் சத்தம் நின்றது.

"துரை, உங்கம்மாகிட்ட சொல்லு. நாலு தடவை."

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் மூடப்பட்டது. அத்தையின் குரல் உயரவில்லை.

"துரை இல்லைங்க. எதிர்ல வந்து சொல்லுங்க."

அவருடைய நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அவர் எழுந்தால் அது தரையில் தட்டும், எனக்குத் தெரியும். அது தட்டுவதற்காகக் காத்திருந்தேன். அந்தப் பக்கத்தில் அத்தையும் காத்திருந்திருப்பார். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டது, அத்தை குழாயை மறுபடி திறந்த சத்தம்தான்.